அந்த எண்ணுக்கு நான் வைத்த பெயர்

எங்கள் தெருவில் யார் போன் வாங்கினாலும் அதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்பார்கள். இந்தப் பழக்கம் எப்போது தொடங்கியது என்று நினைவில்லை. நான் அரசு அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பிரிவில் இருப்பதுதான் காரணமாக இருக்க வேண்டும். அங்கே நான் செய்வது ஓய்வூதியக் கோப்புகளை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து ஏற்றுவது மட்டும். ஆனால் இந்த மலையாள நகரத்தில், ஸ்ரீவராகம் பக்கத்தில் சுவரோடு சுவர் ஒட்டிய எங்கள் தமிழ்த் தெருவுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. புது போன் பெட்டி எங்கள் வீட்டுக்கு வரும். நான் பிரித்து, எல்லாம் சரிசெய்து கொடுப்பேன். கூடவே என் அபிப்பிராயங்களும் போகும்.

அபிப்பிராயங்களுக்கு எனக்குக் குறைவே இருந்ததில்லை. பேட்டரி பெரிதாக இருந்தால் போதும், கேமராவுக்காகப் பணத்தைக் கொட்டாதீர்கள் என்பேன். கம்பத்திலிருந்து கேபிள்காரர் இழுத்துத் தரும் இணைப்பு முதல் மழைக்கே போய்விடும், ஃபைபர் போடுங்கள் என்பேன். நான் சொன்னபடி ஃபைபர் போட்டவர்கள் வீட்டிலும் மழை பெய்தால் இணைப்பு போனது. அதற்கும் ஒரு காரணம் சொல்வேன். எல்லாவற்றையும்விட உரக்கச் சொன்னது ஒன்று உண்டு: பத்தாம் வகுப்பு முடியும்வரை பிள்ளைகள் கையில் சொந்த போன் கூடாது. உரக்கச் சொன்னதற்குக் காரணம், எனக்கும் பள்ளிக்கூடம் போகும் மகள் ஒருத்தி இருந்தாள்.

அடுத்த வீட்டு மாமிக்கு வங்கியிலிருந்து பேசுவதாக யாரோ இரண்டு முறை கூப்பிட்டுப் பயமுறுத்திய பிறகு, கூப்பிடுகிறவரின் பெயரைத் திரையில் காட்டுகிற செயலி ஒன்றை நான் கண்டுபிடித்தேன். தெரியாத எண்ணாக இருந்தாலும் பெயர் வரும். தெருவில் பதினொரு போன்களில் அதை நானே ஏற்றிக் கொடுத்தேன். அது ஒவ்வொன்றாக அனுமதி கேட்கும். தொடர்பு எண்களைப் பார்க்கலாமா, அழைப்புகளைப் பார்க்கலாமா என்று கேட்கும். எல்லா இடத்திலும் ‘சரி’ என்று என் விரல்தான் தட்டியது. அந்தப் பெயர்கள் எங்கிருந்து வருகின்றன என்று நான் ஒரு நாளும் யோசிக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் வேலைக்கு வருகிறவர்களின் எண்ணைப் பெயரோடு வைத்துக்கொள்ளும் வழக்கம் கிடையாது. என் போனில் ‘பால்’ இருந்தது, ‘பூ கிழக்கேகோட்டை’ இருந்தது, ‘கேஸ் புதுசு’ இருந்தது. குழாய், மோட்டார் வேலைக்கு வருகிறவர் வெறும் ‘பிளம்பர்’. பன்னிரண்டு வருடமாக எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தவர் அவர். நாங்குநேரிப் பக்கத்துக்காரர். தெருவில் மற்ற எல்லோரையும் மாமி என்பவர், நானும் திருநெல்வேலியில் பிறந்தவள் என்று தெரிந்த நாளிலிருந்து என்னை மட்டும் அக்கா என்று கூப்பிடுவார். அவர் வேலை பார்த்த வீடுகளில் எல்லாம் மோட்டார் ஸ்விட்சுக்குப் பக்கத்தில் மார்க்கரால் தன் எண்ணை எழுதிவைத்துவிட்டுப் போவார். எங்கள் கிணற்றடிச் சுவரிலும் அது இருக்கிறது. எண் மட்டும்தான். அவர் பெயர் என்ன என்று நான் கேட்டதில்லை.

மகள் பத்தாவது முடித்ததும் சொன்ன சொல் தவறாமல் போன் வாங்கிக் கொடுத்தேன். போனோடு சட்டங்களும் வந்தன. ஹாலில் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். வைஃபை மாலையில் ஒரு மணி நேரம் மட்டும், மற்ற நேரம் பெட்டியை நான் அணைத்துவிடுவேன். எங்கள் வீடுகள் ரயில் பெட்டி மாதிரி நீளமானவை, சுவர்கள் பழையவை, கனமானவை. வாசலைத் தாண்டி உள்ளே மொபைல் சிக்னல் நுழையாது. ஆகவே வைஃபையை அணைத்தால் பிள்ளைக்கு வெளியுலகம் அணைந்துவிடும் என்று நினைத்திருந்தேன். கிணற்றடியில் இரண்டு கோடு சிக்னல் வரும் என்பது எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

அது ஓர் இரண்டாம் சனிக்கிழமை, எனக்கு விடுமுறை. மோட்டார் ஓடியும் தண்ணீர் ஏறவில்லை. பிளம்பர் காலையில் வந்து கிணற்றின் மேலிருந்த இரும்பு வலையைத் திறந்துவைத்து, பைப்பை மேலே தூக்கி, அடியில் இருக்கும் வால்வைக் கழற்றினார். நடுவில் வாஷர் வாங்கக் கடைக்குப் போய்வந்தார். எங்கள் வீட்டில் பின்பக்கம் போக வேறு வழி இல்லை. வாசலில் நுழைந்து ஹாலைத் தாண்டித்தான் போக வேண்டும். போகும்போதும் வரும்போதும் அவர் ஹாலைத் தாண்டினார். வேலை முடிந்து அவர் போன பிறகு, மகளின் போன் எங்கே என்று கேட்டேன்.

“ஹால்லதான் வச்சேன், டிவி கிட்ட,” என்றாள்.

டிவி பக்கத்தில் இல்லை. வாசலில் நின்று கூப்பிட்டுப் பார்த்தேன், அணைந்திருந்தது. தொலைந்த போனைத் தேடித் தருகிற வசதியை நான்தான் அதில் போட்டு வைத்திருந்தேன். என் போனில் வரைபடத்தைத் திறந்தேன். போன் கடைசியாக இருந்த இடத்தில் ஒரு புள்ளி நின்றது. எங்கள் வீட்டின் மேலேயே நின்றது, பதினொன்று இருபதுக்கு. அவர் வாஷர் வாங்கப் போன நேரம் ஏறக்குறைய அதுதான். எடுத்த இடத்திலேயே அணைத்துவிட்டுக் கொண்டுபோயிருக்கிறான் என்று என் கணவரிடம் சொன்னேன். அந்தப் புள்ளி உண்மையைத்தான் காட்டியது. அதைப் படிக்கத் தெரிந்தவள் என்று தெருவே நம்பிய நான்தான் தவறாகப் படித்தேன்.

அவருக்கு போன் செய்து, “ஹால்ல ஒரு போன் இருந்தது, பாத்தேளா?” என்று கேட்டேன்.

“இல்லையேக்கா. நல்லாத் தேடிப் பாருங்க. பாப்பா எங்கயாவது வச்சிருக்கும்,” என்றார்.

எவ்வளவு சாமர்த்தியமாகப் பிள்ளை மேல் தள்ளுகிறான் என்று எனக்குப் பட்டது. என் கணவர் போலீஸ் எல்லாம் வேண்டாம் என்றார். சும்மா இருக்க என்னால் முடியவில்லை. ‘பிளம்பர்’ என்றிருந்த பெயரைத் திறந்து, அதற்கு முன்னால் ஒரு சொல்லைச் சேர்த்தேன். கள்ளன் பிளம்பர். எங்கள் தெருவில் எல்லோரும் தட்டுவது போல ஆங்கில எழுத்தில்தான் தட்டினேன். பெயரும் எண்ணும் சேர்ந்த அந்தக் கார்டை எங்கள் தெருக்காரர்கள் இருக்கும் போன் குழுவில் போட்டேன். எங்கள் வீட்டில் போன் காணாமல் போயிருக்கிறது, இந்த ஆளை உள்ளே விடாதீர்கள், கார்டை அப்படியே சேமித்துக்கொள்ளுங்கள், கூப்பிட்டால் தெரிந்துவிடும் என்று எழுதினேன். ஒரு தட்டுத் தட்டினால் போதும், என் வார்த்தையோடு அந்த எண் அவர்கள் போனில் ஏறிவிடும். கோபமான முகங்களும் கூப்பிய கைகளும் வரிசையாக வந்தன. அடுத்த வீட்டு மாமி குரல் பதிவே அனுப்பினாள்: “எனக்கு அப்பவே தோணித்து கேட்டியா, அவன் முழியே சரியில்லையாக்கும்.” அதற்கு முந்தின வாரம் அவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்து, நாங்குநேரியில் மழை உண்டா என்று விசாரித்தவள் அவள்.

நான் தட்டிக்கொண்டிருந்தபோது மகள் பக்கத்தில் வந்து நின்றாள்.

“உறுதியாத் தெரியாம போடாதே அம்மா.”

“உனக்கு ரொம்பத்தான் பரிவு. ஒழுங்காப் பாத்து வச்சிருந்தா இது வருமா?” என்றேன்.

அவள் உள்ளே போய்விட்டாள். திட்டு வாங்கிய வருத்தம் என்று நினைத்தேன்.

நான்கு மாதம் போனது. மோட்டாருக்கு வேறு ஆள் வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நாங்கள் சாப்பிட்டு எழுந்த நேரம், வாசலில் “அக்கா” என்று குரல் கேட்டது. அவர்தான். சலவை செய்த சட்டை போட்டிருந்தார். படியேறாமல் கீழேயே நின்றார்.

“ஒரு சின்ன காரியம்க்கா. நீங்க போனெல்லாம் நல்லாப் பாப்பீங்கள்லா, அதான் வந்தேன்.”

நான் கதவை முழுதாகத் திறக்கவில்லை. “என்ன?” என்றேன்.

“கழக்கூட்டத்துல ஒரு பெரிய பிளாட்டு. மாசச் சம்பளத்துக்கு நிரந்தரமா ஒரு ஆள் வேணும்னாவ. போய்ப் பாத்தேன். எல்லாம் பேசியாச்சு, நாளையிலேருந்து வான்னாவ. நம்பர் சொல்லும்னு மேனேஜர் கேட்டாரு. சொல்லுததுக்கு என்ன, ஒரு மிஸ்டு கால் அடிச்சேன். அவரு போன்ல என் பேரு வருது. ஒரு மாதிரி சிரிச்சாரு. ‘இது எந்தா சேட்டா?’ன்னு என்கிட்டயே காட்டுனாரு.” அவர் தெருவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். “கள்ளன் பிளம்பர்னு இங்கிலீசுல.”

நான் கதவின் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டேன்.

“பொறவு கூப்பிடுதோம்னு அனுப்பிட்டாவ. ஊருல கலியாணத்துக்கு நிக்கிற பொண்ணு இருக்குக்கா எனக்கு. சம்மந்தம் பேச வாற ஆளு போன்லயும் இது வந்துட்டா? எவன் எழுதி வச்சான், எப்பிடி அழிக்கிறதுன்னு ஒண்ணும் புரியல. உங்க போன்லயும் அப்பிடித்தான் வருதான்னு பாக்கட்டா? அடிக்கேன், பாருங்க.”

நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் அவர் தட்டிவிட்டார். என் போன் என் கையிலேயே இருந்தது. அது அடித்தது. நான் வைத்த பெயர் திரை முழுக்க வந்து நின்றது. நான் போனைப் புடவையோடு சேர்த்துக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டேன். அது அடித்து ஓயும்வரை அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன வருதுக்கா?”

“நம்பர் மட்டும்தான் வரது,” என்றேன். “அது அந்த ஆப்போட தப்பு. கம்ப்யூட்டர் தானா ஏதாவது போட்டுடும். நம்ம கையில ஒண்ணும் இல்லே. வேற சிம் வாங்கிக்கோங்கோ.”

“பதினெட்டு வருசமா இதே நம்பர்க்கா. டவுன்ல பாதி வீட்டுச் சுவத்துல எழுதி வச்சிருக்கேன்.”

“பின்னே என்ன பண்றது?” என்றேன்.

அவர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். “சரிக்கா” என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதை எழுதும்போது அந்தப் பெண்ணை, அதாவது என்னை, எங்கேயாவது காப்பாற்ற முடியுமா என்று தேடிப் பார்க்கிறேன். அப்போது அவர் திருடன் என்றுதானே நம்பினாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வதுண்டு. அது முழு உண்மை இல்லை. திருடியவன் திருடிய வீட்டு வாசலில் வந்து உதவி கேட்க மாட்டான் என்பது அவர் “அக்கா” என்று கூப்பிட்ட உடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகுதான் பொய் சொன்னேன்.

கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினால் மகள் நின்றுகொண்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

“போன் கிணத்துல கெடக்கு அம்மா,” என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அவள் மறுபடியும் சொன்னாள். “அன்னிக்கு அவர் வாஷர் வாங்கப் போயிருந்தப்போ நான் கிணத்தடிக்குப் போனேன். வலை தொறந்திருந்தது. கைப்பிடிச் சுவத்துல வச்சுண்டு பாத்தேன். வழுக்கிடுத்து.”

என் மகள் நான்கு மாதம் மனதில் சுமந்ததை என் முன்னால் இறக்கி வைத்தபோது நான் கேட்ட முதல் கேள்வி இது:

“அங்க போய் யார்கிட்டப் பேசிண்டிருந்தே?”

அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கப் போவதில்லை. “யார்கிட்டயும் இல்லே. ஒரு வீடியோ பாத்தேன். நாலு கால் எடுத்து முடி பின்றது எப்படின்னு. போதுமா?”

“என்கிட்டச் சொல்றதுக்கென்ன?”

“சொன்னா நீ என்ன பண்ணியிருப்பே?”

நான் என்ன செய்திருப்பேன் என்று இருவருக்கும் தெரியும்.

“அடுத்த நாள் சொல்லிடலாம்னுதான் இருந்தேன்,” என்றாள். இப்போது அழுதுகொண்டிருந்தாள். “அதுக்குள்ள நீ குரூப்புல போட்டுட்டே. எல்லாரும் அவரைத் திட்டியாச்சு. அதுக்கப்புறம் எப்படிம்மா சொல்றது?” பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, “வா, இப்பவே போலாம். பஸ் ஏறியிருக்க மாட்டார்,” என்றாள்.

“உன் பரீட்சை முடியட்டும்,” என்றேன்.

“என் பரீட்சைக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்?”

ஒரு சம்பந்தமும் இல்லை. வாயில் முதலில் வந்தது அதுதான். பெற்றவள் வாயில் எப்போதும் தயாராக இருக்கும் சொல்.

மறுநாள் அலுவலகத்தில் உட்கார்ந்து அந்தச் செயலி எப்படி வேலை செய்கிறது என்று முதல்முறையாகப் படித்தேன். அதை ஏற்றியவர்களின் தொடர்பு எண்களை எல்லாம் அது எடுத்துக்கொள்கிறது. ஒரே எண்ணைப் பலர் ஒரே பெயரில் வைத்திருந்தால் அந்தப் பெயரையே ஊருக்கெல்லாம் காட்டுகிறது. கம்ப்யூட்டர் தானாக எதுவும் போடவில்லை. நான் போட்டேன், பதினொரு வீடுகள் அதை வழிமொழிந்தன.

அப்போதாவது அவரைத் தேடிப் போயிருக்கலாம். எனக்கு அதைவிட எளிதான வழி ஒன்று தோன்றியது. என் போனில் அந்தச் சொல்லை அழித்தேன். பிறகு தெருவில் வீடுவீடாகப் போனேன். “அந்த ஆப்புக்கு ஒரு அப்டேட் வந்திருக்கு, போட்டுத் தரேன்,” என்றேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. போனைத் திறந்து என் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனார்கள். எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவர்கள் போனில் நான் திருட்டுத்தனமாக நுழைந்து, அவர் எண்ணைத் தேடி, ‘கள்ளன்’ என்பதை அழித்து, வெறும் ‘பிளம்பர்’ என்று மாற்றினேன். வேறு என்ன போடுவது? பெயர் எனக்குத் தெரியாது. இப்படி மூன்று வாரம், ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாலையில் ஒரு வீடு. தெருவில் அந்த வாரங்களில் நிஜமாகவே பிறர் போனில் கைவைத்தவள் நான் ஒருத்திதான்.

கடைசியாக அடுத்த வீட்டு மாமி. அவள் அடுப்படிக்குப் போகவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

“ஏண்டி, கள்ளனை எடுத்துட்டே? போன் கிடைச்சுடுத்தா?”

“இல்லே மாமி.”

“பின்னே?”

மூன்று வாரம் பொய் சொல்லிச் சலித்துவிட்டதோ என்னவோ, சொல்லிவிட்டேன். மாமி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“கிணத்துலயா! ராமா! உங்காத்துக் கிணத்துத் தண்ணியிலன்னா அன்னிக்கு நான் வடாத்துக்குக் கூழ் கிளறினேன்! பேட்டரியெல்லாம் கரைஞ்சிருக்குமே!” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “சரி, போறது. நீ யார்கிட்டயும் வாயைத் திறக்காதே, கேட்டியா. பொண்ணு பேரு கெட்டுப் போயிடும். பிளம்பருக்கென்ன, அவனுக்கு ஊரெல்லாம் வேலை.”

அதைக் கேட்டதும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. நிஜமாகவே வந்தது. மார்பிலிருந்து ஏதோ இறங்கியது போல இருந்தது. சொல்லியும் ஆயிற்று, யாருக்கும் தெரியவும் போவதில்லை. அந்த நிம்மதியோடு வீட்டுக்கு வந்து மகளிடம், “மாமியும் அதையேதான் சொல்றா, உன் பேரு கெட்டுப் போகாம இருக்கணும்,” என்றேன்.

அவள் புத்தகத்தை மூடினாள். “அவருக்குப் பேரு இருக்கா அம்மா? உனக்குத் தெரியுமா?” என்று கேட்டாள்.

குத்துவதற்காகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். தெரியாது என்று சொன்னேன். அன்றே அவர் எண்ணுக்கு அடித்தேன். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று முதலில் மலையாளத்திலும் பிறகு ஆங்கிலத்திலும் பதில் வந்தது. நான் மூன்று வாரம் வீடு வீடாகப் போய்ச் சரிசெய்தது, அவர் ஏற்கெனவே விட்டுவிட்ட எண்ணை.

சனிக்கிழமை காலையில் மகளும் நானும் கிழக்கேகோட்டைக்குப் போனோம். அவளை அழைத்துப் போவதாக நான் இல்லை. அவள் எனக்கு முன்னால் செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றாள். பஸ் நிற்கும் இடத்தைத் தாண்டி ஒரு பைப் கடை இருக்கிறது. குழாய் வேலைக்காரர்கள் காலையில் அங்கே கூடி நிற்பார்கள், ஆள் தேவைப்படுகிறவர்கள் வந்து கூட்டிப் போவார்கள். நிரந்தர வேலை கிடைக்கவிருந்த மனிதர் அந்த வரிசையில் கையில் பையோடு நின்றுகொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ சொல்லிவிட்டு ஓரமாக வந்தார்.

நான் எப்படித் தொடங்குவது என்று நினைப்பதற்குள் மகள் பேசிவிட்டாள். “அங்கிள், போனை நான்தான் கிணத்துல போட்டேன். நீங்க கடைக்குப் போயிருந்தப்போ. பயந்துண்டு சொல்லலே. ஸாரி.”

அவர் அவளைப் பார்த்தார். “வலையைத் தொறந்து போட்டுட்டுப் போனது நான்தான பாப்பா. நல்ல வேளை போன் விழுந்துச்சு. நீ விழுந்திருந்தா?” என்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

பிறகு என் பக்கம் திரும்பினார். நான் சொன்னேன். அந்தப் பெயரை வைத்தது நான்தான் என்றும், குழுவில் போட்டது, சேமிக்கச் சொன்னது எல்லாம் நான்தான் என்றும், அன்று வாசலில் சொன்னது பொய் என்றும் சொன்னேன். சாலையில் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்ததால் சில வார்த்தைகளை இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. அது எனக்கு வேண்டியதுதான்.

“தெரியும்க்கா,” என்றார்.

“எப்படி?”

“அன்னைக்கு போன் அடிச்சதும் கவுத்துனீங்கள்லா. நம்பர் மட்டும் வந்திருந்தா எதுக்குக் கவுக்கணும்?” அவர் குரல் உயரவில்லை. “திட்டியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். வேற சிம் வாங்கிக்கோன்னீங்க பாருங்க. நம்மூர்க்காரவங்கன்னுதான் தெருவுல வேற எந்த வீட்டுக்கும் போகாம உங்க கிட்ட வந்தேன்.”

கழக்கூட்டத்து மேனேஜரிடம் நான் பேசுகிறேன், என் வேலையைச் சொல்லி ஒரு கடிதம் எழுதித் தருகிறேன் என்றேன். அங்கே வேறு ஆள் சேர்ந்து பதினைந்து நாளாகிவிட்டது என்றார்.

“ஒண்ணு பண்ணுங்க. எங்க போட்டீங்களோ அங்கயே மாத்திப் போடுங்க. இப்பவே. நான் பாக்கணும்.”

நான் போனை எடுத்தேன். கடை வாசலில் அடுக்கியிருந்த பைப்புகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு தட்டினேன். போன் திருடு போகவில்லை, எங்கள் கிணற்றில் விழுந்தது, விசாரிக்காமல் பழி போட்டது நான், என்னை நம்பி நீங்கள் எல்லோரும் அவர் எண்ணை அந்தப் பெயரில் சேமித்தீர்கள் என்று எழுதினேன். ‘அவர்’ என்று எழுதிய இடத்தில் கை நின்றது.

“உங்க பேரு...” என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பன்னிரண்டு வருடம் என்று அவரும் எண்ணிப் பார்த்திருக்கலாம். பிறகு இனிஷியலோடு முழுப் பெயரையும் சொன்னார். பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவேட்டுக்குச் சொல்வது போல நிதானமாகச் சொன்னார். அதை அப்படியே எழுதினேன். அதை இங்கே எழுதவில்லை. அவர் அனுமதி இல்லாமல் ஒருமுறை அவருக்கு ஒரு பெயரை ஊரில் பரப்பியவள் நான், அவருடைய சொந்தப் பெயரையும் கேட்காமல் பரப்ப எனக்கு உரிமை இல்லை.

“விழுந்ததுன்னு போடாதே. நான் போட்டேன்னு போடு,” என்றாள் மகள். அதையும் மாற்றினேன்.

அவர் என் கையிலிருந்து போனை வாங்கி, கண்ணைச் சுருக்கி, கடைசி வரிவரை படித்தார். தலையசைத்துத் திருப்பிக் கொடுத்தார். நான் அனுப்பினேன். நாங்கள் நின்றுகொண்டிருக்கும்போதே பதில்கள் வரத் தொடங்கின. ஒரு கட்டைவிரல், இன்னொரு கட்டைவிரல். அடுத்த வீட்டு மாமியிடமிருந்து ஒன்றும் வரவில்லை. கோடி வீட்டிலிருந்து ஒரு வரி: அப்படியானால் எங்கள் மோட்டாருக்கு அவரையே வரச் சொல்லலாமே, புது நம்பரைப் போடு. கோபமான முகங்களை அனுப்பியவர்கள் இவ்வளவு சுலபமாக மாறிவிட்டார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை.

அந்த வரியை அவரிடம் காட்டினேன். “எல்லாரும் கேக்கறா. புது நம்பர் சொல்லுங்கோ, உங்க பேர்லயே போட்டுக்கறேன்.”

“வேண்டாம்க்கா,” என்றார்.

நான் புரியாதவள் போலப் பார்த்தேன்.

“ஆள் வேணும்னா இந்தக் கடையில வந்து சொல்லுங்க. யாராவது வருவாங்க. நானேகூட வந்தாலும் வருவேன். ஆனா என் நம்பர் உங்க போன்ல இருக்க வேண்டாம்.”

மகளிடம் “நல்லாப் படி பாப்பா” என்று சொல்லிவிட்டு வரிசைக்குத் திரும்பிப் போனார். ஒருவர் ஸ்கூட்டரில் வந்து ஆள் தேடிக்கொண்டிருந்தார். இவர் பையை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் ஏறிக்கொண்டார்.

இது நடந்து சில மாதங்கள் ஆகின்றன. அந்தப் பழைய எண்ணை அவ்வப்போது செயலியில் போட்டுப் பார்க்கிறேன். எங்கள் தெருவில் பதினொரு போன்களிலும் மாற்றிவிட்டேன். ஆனாலும் கள்ளன் பிளம்பர் என்றுதான் வருகிறது. எங்கள் தெருவிலிருந்து கார்டை யார் யாருக்கு அனுப்பினார்களோ, மகள் வீட்டுக்கா, மைத்துனர் வீட்டுக்கா, எனக்குத் தெரியாது. தவறான பெயரைத் திருத்த அதில் ஒரு வசதி இருக்கிறது. ஒவ்வொரு முறையும் அவர் சொன்ன பெயரை அதில் எழுதி அனுப்புகிறேன். உங்கள் ஆலோசனைக்கு நன்றி என்று பதில் வருகிறது.

போன வாரம் கோடி வீட்டு மாமா பேத்திக்கு எந்த போன் வாங்கலாம் என்று கேட்டு வந்தார். எனக்குத் தெரியாது என்றேன். விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்து அவர் சிரித்தார், காத்திருந்தார். நான் வேறு ஒன்றும் சொல்லாததால் கொஞ்ச நேரம் கழித்து எழுந்து போனார்.